காசிக்குச் சுற்றுலா: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

காசிக்குக் கிளம்புகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்கான பக்கம் இது. சிராத்தம், தர்ப்பணம் போன்றவற்றை உங்கள் குடும்ப வழக்கம் தெரிந்த சாஸ்திரிகளிடம் கேட்பதே சரி. தமிழில் படித்துறையைக் 'கட்டம்' என்போம் (ஹனுமான் கட்டம், கேதார கட்டம்). அங்கே ஆட்டோக்காரரிடம் 'காட்' என்று சொன்னால்தான் புரியும்.

காசி, வாரணாசி, பனாரஸ் மூணும் ஒரே ஊர்தானே? ரயில் டிக்கெட்டுல எதைப் போடறது?

ஊர் ஒன்றுதான். வருணை, அசி என்ற இரண்டு சிற்றாறுகளுக்கு நடுவே இருப்பதால் வாரணாசி. ஆனால் ரயில்வேக்கு இந்த மூன்று பெயரும் மூன்று தனி நிலையங்கள். வாரணாசி சந்திப்புதான் பெரியது. உள்ளூரில் அதை 'கேன்ட்' என்பார்கள். பனாரஸ் என்பது 2021 வரை மண்டுவாடி என்று இருந்த நிலையம். காசி என்பது ராஜ்காட் பாலத்தருகே இருக்கும் சிறிய நிலையம். நான்காவதாக, கங்கைக்கு அக்கரையில் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி தீன்தயாள் உபாத்யாயா சந்திப்பு இருக்கிறது. 2018 வரை அதன் பெயர் முகல்சராய். டெல்லி, ஹவுரா தடத்து ரயில்கள் பல அங்கே மட்டும்தான் நிற்கும்.

கன்னியாகுமரியிலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் வரும் வாராந்திர ரயில்கள் பனாரஸ் நிலையத்தில் முடிகின்றன. வந்து இறங்கிய நிலையத்திலேயே திரும்பும் ரயிலும் புறப்படும் என்று நினைத்துப் போய் வண்டியைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. டிக்கெட்டில் உள்ள நிலையத்தின் பெயரை ஆட்டோக்காரரிடம் அப்படியே காட்டுங்கள். விமான நிலையம் பாபத்பூரில், ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். புறப்படும் நாளில் சாலைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

டூர்ல காசிக்கு ஒரு நாள்தான் தர்றாங்க. போதுமா?

போதாது. ஒரு நாளில் பார்க்கக் கிடைப்பது வரிசையும் கூட்டமும்தான். இந்த ஊரின் அழகு விடிகாலையிலும் அந்தியிலும் இருக்கிறது. அதனால் எத்தனை நாள் என்று கணக்கிடாமல் எத்தனை விடியல் என்று கணக்கிடுங்கள். மூன்று விடியல் கிடைத்தால் ஒன்று படகுக்கு, ஒன்று கோயிலுக்கு, ஒன்று படித்துறை நடைக்கு. அதற்கு மூன்று இரவு தங்க வேண்டும். சாரநாத்தை நடுவில் ஒரு பகலில் முடித்துக்கொள்ளலாம்.

டூர் குழுவோடுதான் போகிறீர்கள், மாற்ற வழியில்லை என்றால், மதிய ஓய்வு நேரத்தை விட்டுக்கொடுத்தாவது மறுநாள் விடிகாலை இரண்டு மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த மாசம் நல்லது?

நவம்பரும், பிப்ரவரி முதல் மார்ச் நடுவரையும். டிசம்பர் பாதி முதல் ஜனவரி முடியும்வரை மூடுபனி இருக்கும். ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், விமானங்கள் ரத்தாவதும் உண்டு, காலைப் படகில் போனால் எதிரே வெள்ளைத் திரைதான் தெரியும். அந்த மாதங்களில் போகிறவர்கள் இணைப்பு ரயிலுக்கு நடுவே ஒரு முழு நாள் இடைவெளி விடுவது நல்லது. நம் ஊர் சால்வை அந்தக் குளிருக்குப் போதாது. ஸ்வெட்டர், குல்லா, கனத்த சாக்ஸ் மூன்றும் வேண்டும்.

மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கை ஏறும். பலர் அறியாமல் மாட்டிக்கொள்வது இதில்தான். கீழ்ப்படிகள் மூழ்கிவிட்டால் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கரையோரமாக நடந்து போக முடியாது, படகையும் நிறுத்திவிடுவார்கள், ஆரத்தி மேல்படிக்கோ மொட்டைமாடிக்கோ போய்விடும். வெள்ளம் வடிந்த பிறகும் படிகளில் ஆளுயர வண்டல் நிற்கும். அதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி முடிக்கவே நாளாகும்.

எங்க தங்கறது? ஸ்டேஷன் பக்கமா, கங்கைப் பக்கமா?

நடக்க முடிந்தவர்கள் கங்கைப் பக்கம். ஆனால் 'கங்கை தெரியும் அறை' என்று விற்கப்படும் பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, படிகள் செங்குத்து. வாசல்வரை வண்டியும் வராது. முன்பதிவுக்கு முன் போனில் நான்கே கேள்வி கேளுங்கள்: ஆட்டோ எதுவரை வரும், அங்கிருந்து எத்தனை நிமிட நடை, அறைக்கு எத்தனை படி ஏற வேண்டும், பெட்டி தூக்க ஆள் அனுப்புவீர்களா. பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

தமிழர்களுக்குப் பழக்கமான பகுதிகள் ஹனுமான் கட்டம், கேதார கட்டம், கோதௌலியா. கோதௌலியாவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. 1813 முதல் இருந்துவரும் இந்தச் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூஜைக்குரிய பொருள்கள் தினமும் போகின்றன. 'சம்போ' என்று குரல் கொடுத்தபடி அவற்றைச் சுமந்து போகிறவர்களை வழியில் கண்டால் ஒதுங்கி நின்று பாருங்கள். கேதார கட்டத்தில் 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய குமாரசுவாமி மடம் இருக்கிறது. சத்திரமோ மடமோ, முன்கூட்டிப் பேசி உறுதி செய்யாமல் பெட்டியோடு போய் நிற்காதீர்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி. நடக்காம பாக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கோதௌலியாவிலிருந்து தசாஸ்வமேத கட்டம் வரையுள்ள சாலை பெரும்பாலும் நடப்பவர்களுக்கு மட்டும்தான். அங்கே மின் ரிக்‌ஷா கூட நிறுத்தப்படும் நேரங்கள் உண்டு. அதனால் அம்மாவை வடகோடியிலுள்ள நமோ காட்டுக்கோ தென்கோடியிலுள்ள அசி கட்டத்துக்கோ அழைத்துப் போங்கள். வண்டி நெருக்கமாகப் போகும், இறங்க வேண்டிய படியும் குறைவு. அங்கே படகில் ஏற்றினால் எல்லாக் கட்டங்களையும் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். விசுவநாதர் கோயிலில் முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி கிடைக்கும். வாசலில் உள்ள உதவி மையத்தில் கேளுங்கள், வெளியே வந்து கேட்கும் ஆட்களிடம் வேண்டாம்.

விசுவநாதர் கோயிலுக்குள்ள செல்போன் கொண்டு போக முடியாதாமே?

முடியாது. செல்போன், கேமரா, ஸ்மார்ட் வாட்ச், சார்ஜர், பை, பேனாகூட அனுமதி இல்லை. பக்கத்தில் மசூதியும் இருப்பதால் காவல் கடுமையாக இருக்கும். பணமும் அடையாள அட்டையும் மட்டும் சட்டைப்பையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிட்டு வருவதுதான் தொல்லையில்லாத வழி. கோயில் நிர்வாகத்தின் பாதுகாப்புப் பெட்டகங்கள் இருக்கின்றன. வழியிலுள்ள கடைக்காரர்கள் 'லாக்கர் இலவசம்' என்று அழைப்பார்கள். அதற்குப் பதிலாக ஒரு பூஜைத் தட்டை நல்ல விலைக்கு உங்கள் கையில் கொடுப்பார்கள். வேண்டுமென்றால் விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

போன் இல்லாததால் வரும் சிக்கல் ஒன்று: குடும்பத்தில் யாராவது பிரிந்துவிட்டால் தேட வழியில்லை. உள்ளே நுழைந்த வாசல் வழியாகவே வெளியே விடுவார்கள் என்பதும் நிச்சயமில்லை. வரிசையில் சேருமுன்பே வெளியே ஓர் இடத்தைக் குறித்து, 'பிரிஞ்சா இங்க வந்து நில்லு' என்று குழந்தை முதல் பாட்டிவரை எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். செருப்பையும் இதே காரணத்துக்காக வாசலில் விடாதீர்கள்.

தரிசனத்துக்கு எந்த நேரம் கூட்டம் கம்மி?

செவ்வாய் முதல் வெள்ளி வரை, விடிகாலை 4 முதல் 6 மணி. திங்கள் சிவனுக்குரிய நாள், சனி ஞாயிறு சுற்றுலாக் கூட்டம். ஆரத்தி நேரங்களில் வரிசை நகராது: மதியம் சுமார் 11.15 முதல் 12.20, மாலை 7 முதல் 8.15, இரவு 9 முதல் 10.15. பதினொரு மணிக்குப் போய் நிற்கிறவர்கள் ஒரு மணி நேரம் சும்மா நிற்பது இதனால்தான். மங்கள ஆரத்தி 3 மணிக்கு. அதற்கு முன்பதிவு வேண்டும். 'சுகம் தரிசனம்' என்ற கட்டண வரிசையைக் கோயில் அறக்கட்டளையின் இணையதளத்திலோ கவுன்டரிலோ மட்டும் வாங்குங்கள். சிவராத்திரி, சாவன் என்ற வடநாட்டு மாதத்துத் திங்கள்கிழமை போன்ற நாட்களில் அதையும் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள்.

சன்னிதியில் கண்ணை எங்கே வைப்பது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். லிங்கம் நம் ஊர்க் கருவறை போல எதிரே, கண் மட்டத்தில் இருக்காது. தரையில் வெள்ளி பூண்ட சதுரத் தொட்டிக்குள், தாழ்வாக இருக்கும். கிடைப்பது சில நொடிகள். நிமிர்ந்து பார்த்தபடியே நகர்ந்துபோய், 'சாமியையே பாக்கலையே' என்று வெளியே வந்து வருந்துகிறவர்கள் அநேகம். கீழே பாருங்கள். இப்போதுள்ள கோயிலைக் கட்டியவர் 18ஆம் நூற்றாண்டின் இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர். விமானத்தின் தங்கம் பஞ்சாப் அரசர் ரஞ்சித் சிங் கொடுத்தது. கங்கையையும் கோயிலையும் இணைக்கும் பெரிய வளாகம் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது.

கங்கா ஆரத்தியைப் படகுலேர்ந்து பாக்கறதா, படியில உக்காந்தா?

ஆரத்தி எடுப்பவர்கள் நதியைப் பார்த்து நிற்பார்கள். படியில் உட்கார்ந்தால் அவர்கள் முதுகும், அடுக்கு விளக்கின் நெருக்கமும், மணியோசையும் கிடைக்கும். படகில் முகம் தெரியும், ஆனால் முன்வரிசைப் படகாக இருந்தால்தான். பின்னால் வந்து கட்டும் படகிலிருந்து முன்படகுக்காரர்களின் தலைதான் தெரியும். தசாஸ்வமேத கட்டத்தில் குளிர்காலத்தில் 6 மணி வாக்கிலும் கோடையில் 7 மணி வாக்கிலும் தொடங்கி முக்கால் மணி நேரம் நடக்கும். எதுவானாலும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். முடிந்ததும் எல்லாரும் ஒரே சாலையில் வெளியேறுவதால் குழந்தைகளோடு போனவர்கள் அரைமணி நேரம் படியிலேயே இருந்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

நெரிசல் பிடிக்காது என்றால் அசி கட்டத்துக்குப் போங்கள். அங்கே விடியற்காலையிலும் ஆரத்தி உண்டு. 2014இல் தொடங்கிய 'சுபஹ்-ஏ-பனாரஸ்' நிகழ்ச்சியில் ஆரத்தியைத் தொடர்ந்து இசையும் யோகாவும் நடக்கும். எங்கள் தேர்வு அதுதான்.

படகுக்கு எவ்வளவு கேப்பாங்க? ஏமாத்திடுவாங்களோ?

சீசனுக்குச் சீசன் விலை மாறும். தொகையைவிடப் பேசும் விதம்தான் முக்கியம். 'ஆளுக்கா, படகுக்கா?', 'எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை?', 'எவ்வளவு நேரம்?' இந்த மூன்றையும் ஏறுமுன் பேசி முடியுங்கள். 'ஐநூறு' என்று பேசி ஏறியபின் 'ஆளுக்கு ஐநூறு' ஆவதுதான் வழக்கமான சண்டை. தசாஸ்வமேதத்தில் அதிகம் கேட்பார்கள். அங்கிருந்து பத்து நிமிடம் தெற்கே நடந்தால் குறையும்.

விடிகாலைக்குத் துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் சத்தத்தில் கரையின் மணியோசை கேட்காது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில் கிழக்குப் பார்த்தவை. சூரியன் அக்கரை மணல்வெளியில் எழுந்து இக்கரைக் கட்டடங்கள் மேல் நேராக விழும் முதல் இருபது நிமிடத்துக்காகத்தான் இந்தப் படகே. விடிவதற்கு அரைமணி முன்பே நீரில் இருக்க வேண்டும். உயிர்காப்பு உடை தராத படகில் ஏறாதீர்கள்.

கங்கையில குளிக்கலாமா? தண்ணி சுத்தமா இருக்குமா?

குளிக்கலாம். வாயில் போகவிடாதீர்கள், ஆறாத புண் இருந்தால் முழுகாமல் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். அழுக்கைவிடப் பெரிய ஆபத்து படி. நீருக்குள் இருக்கும் படிகள் பாசி பிடித்தவை, திடீரென்று முடிந்து ஆழமாகிவிடும். சங்கிலியோ தடுப்போ உள்ள இடத்தில், உள்ளூர் மக்கள் குளிக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். அக்கரை மணல்திட்டில் தண்ணீர் ஆழமில்லாதது போல் தோன்றும். நம்பி இறங்க வேண்டாம்.

மணிகர்ணிகாவுல பொணம் எரிக்கறதைப் பாக்கலாமாமே? போட்டோ எடுக்கலாமா?

கடந்து போகலாம், மரியாதையோடு சற்று நின்று பார்க்கலாம். போட்டோ, வீடியோ எடுக்கக் கூடாது, படகிலிருந்தும் கூடாது. அங்கே எரிவது ஒருவருடைய அப்பாவோ அம்மாவோ. சந்துகளில் 'ராம் நாம் சத்ய ஹை' என்ற குரல் கேட்டால் பாடை வருகிறது என்று அர்த்தம். சுவரோடு ஒட்டி நின்று வழி விடுங்கள். ஹரிச்சந்திர கட்டத்திலும் இதே மரியாதைதான். அங்கே மின் தகன மேடையும் இருக்கிறது.

மணிகர்ணிகாவில் ஒருவர் வந்து விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார். மேலே ஒரு கட்டடத்துக்கு அழைத்துப்போய், சாகக் காத்திருக்கும் ஏழைகளுக்கு விறகு வாங்க வேண்டும், கிலோவுக்கு இவ்வளவு என்று பணம் கேட்பார். அந்தப் பணம் விறகுக்குப் போவதில்லை. முதல் வாக்கியத்திலேயே கைகூப்பி 'நஹி' என்று சொல்லி நடையைத் தொடருங்கள். நின்று பேச்சுக் கொடுத்தபின் நழுவுவது கடினம்.

சங்கல்பம் பண்ணி வைக்கறேன்னு வர்றவங்களுக்கு எவ்வளவு தரணும்?

படகுக்குச் சொன்ன அதே விதி, முதலில் தொகை. சங்கல்பத்தின் நடுவே மந்திரத்தோடு சேர்த்து 'ஐயாயிரத்து ஒன்று தானம் செய்கிறேன்' என்று உங்களையே சொல்லவைத்துவிட்டு, பிறகு 'கங்கை மேல் சொன்னாயே' என்று கேட்பவர்கள் உண்டு. புரியாத வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாதீர்கள். தமிழ் சாஸ்திரிகள் ஹனுமான் கட்டத்தில் இருக்கிறார்கள்.

படித்துறை எல்லாத்தையும் நடந்தே பாக்கலாமா? எந்தப் பக்கம் ஆரம்பிக்கறது?

வெள்ளமில்லாத மாதங்களில் நடக்கலாம். எண்பதுக்கு மேற்பட்ட கட்டங்கள், மொத்தம் ஆறேழு கிலோமீட்டர். கங்கை இங்கே தெற்கிலிருந்து வடக்காகப் போகிறது. நதியைப் பார்த்து நின்றால் வலக்கை தெற்கு, அசி. இடக்கை வடக்கு, மணிகர்ணிகா, பஞ்சகங்கா. இது நினைவிருந்தால் மேப் வேண்டாம்.

அசியில் தொடங்குங்கள். சற்றுத் தூரத்தில் துளசிதாசர் வாழ்ந்த துளசி கட்டம். பிறகு ஹனுமான் கட்டம். மேலேறி உள்ளே போனால் காஞ்சி மடத்தின் கோயிலும், 1898 முதல் சில ஆண்டுகள் பாரதி தங்கிப் படித்த சிவமடமும். தலைப்பாகையும் மீசையுமாக அவர் மாறியது இந்தச் சந்துகளில்தான். அடுத்து ஹரிச்சந்திர கட்டம், அதைத் தாண்டினால் சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டிய கேதாரேஸ்வரர் கோயில். தமிழ் மடத்தின் நிர்வாகத்தில் உள்ள கோயில், நெரிசலும் குறைவு. நிதானமாக உட்காருங்கள். தசாஸ்வமேதத்தை ஒட்டிய மான்மந்திர் கட்டத்தின் மாடியில் ஜெய்சிங் மன்னரின் வானியல் கருவிகள் இருக்கின்றன. மணிகர்ணிகாவைத் தாண்டியதும் சிந்தியா கட்டத்தருகே சாய்ந்து நிற்கும் ரத்னேஸ்வரர் கோயில். வெள்ளத்தில் அதன் கருவறை மூழ்கிவிடும். பஞ்சகங்காவில் முடித்துக்கொண்டால் போதும், காலை 6 மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடியும்.

விசாலாட்சி, அன்னபூரணி, காலபைரவர் எல்லாம் ஒரே நாள்ல ஆகுமா?

ஆகும். அன்னபூரணி கோயில் விசுவநாதரை ஒட்டியே இருக்கிறது. தங்க அன்னபூரணியைத் தீபாவளியை ஒட்டிய சில நாட்கள் மட்டுமே பார்க்கலாம். விசாலாட்சி கோயில் மீர் கட்டத்துக்கு மேலே, நகரத்தார் பராமரிப்பில், நம் ஊர்ச் சாயலில் இருக்கும். காலபைரவர் வடக்கே தள்ளி விசுவேஸ்வர்கஞ்ச் பக்கம். காசிக் கயிறு அங்கேதான் வாங்குவார்கள்.

சாரநாத்துக்கு எப்போ போகலாம்?

வெள்ளிக்கிழமை தவிர எப்போதும். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. நம் நாணயத்திலும் நோட்டிலும் இருக்கும் அசோகரின் சிங்கத் தலை அங்கேதான் இருக்கிறது, அதைப் பார்க்காமல் தாமேக் ஸ்தூபியை மட்டும் பார்த்துத் திரும்புவது வீண். ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிப் பேசுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது? இட்லி கிடைக்குமா?

கேதார, ஹனுமான் கட்டங்களிலும் கோதௌலியாவிலும் கிடைக்கும். ஆனால் காலையில் கச்சோரி, சப்ஜி, ஜிலேபி சாப்பிடாமல் வந்துவிடாதீர்கள். மாலையில் தக்காளி சாட். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் மலையோ, பால் நுரையில் குங்குமப்பூ சேர்த்தது, காலையிலேயே தீர்ந்துவிடும். தண்டாய் என்ற பால் பானம் வாங்கும்போது 'பாங் (கஞ்சா இலை அரைத்தது) இல்லாமல்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாங் இங்கே உரிமம் பெற்ற கடைகளிலேயே விற்கப்படுகிறது, பழக்கமில்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் தலை சுற்றும்.

பனாரஸ் பட்டு அசல்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

புடவையின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். கைத்தறியில் ஜரிகைப் பூவுக்கு அருகே நூல் மிதப்பதோ வெட்டிய நுனியோ தெரியும், கரையோரம் ஊசிக் குத்தல் இருக்கும். எல்லாம் ஒரே சீராக இருந்தால் விசைத்தறி. கைத்தறி முத்திரையும் பட்டு முத்திரையும் கேளுங்கள். ஆட்டோக்காரர் அழைத்துப் போகும் கடையில் அவருடைய கமிஷனும் உங்கள் பில்லில் இருக்கும்.

ராமேஸ்வரம் மணல் எடுத்துட்டுப் போகணுமா? கங்கைத் தண்ணி எங்க எடுக்கறது?

முழு யாத்திரை வழக்கப்படி ராமேஸ்வர மணலைப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, அங்கே எடுத்த கங்கை நீரை ராமேஸ்வரம் கொண்டுபோய் அபிஷேகம் செய்வார்கள். காசியிலிருந்து நீர் எடுப்பதில்லை என்று பல குடும்பங்களில் உண்டு. வெறும் சுற்றுலாவுக்கு இது எதுவும் கட்டாயமில்லை. சொம்பை மூடி ஈயம் வைத்திருந்தாலும் விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

காசிக்குப் போனா ஒரு காய், ஒரு பழம் விடணும்னு சொல்றாங்களே. எதை விடறது?

அது காசியில் இல்லை, கயையில், அட்சய வடத்தடியில். ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை என்று விடுவார்கள். கயை சுமார் 250 கிலோமீட்டர், ரயிலில் நான்கைந்து மணி நேரம். கயைக்குப் போகாதவர்கள் காசியில் எதையும் விட வேண்டியதில்லை.

தேவ தீபாவளிக்குப் போகலாம்னு இருக்கோம். கார்த்திகை தீபத்தன்னிக்குத்தானே?

இந்தத் தப்பால் டிக்கெட்டை வீணாக்கியவர்கள் உண்டு. தேவ தீபாவளி வடநாட்டு கார்த்திக மாதப் பௌர்ணமி, தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில் வரும். நம் கார்த்திகை தீபம் தமிழ் மாதத்தையும் நட்சத்திரத்தையும் வைத்து வருவது. 2023இல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. 2024இல் தேவ தீபாவளி நவம்பர் 15, திருக்கார்த்திகை டிசம்பர் 13. தமிழ் நாள்காட்டியைப் பார்த்துப் பதிவு செய்யாதீர்கள்.

சாவன் மாதமும் இப்படித்தான். அது நம் ஆடியோ ஆவணியோ அல்ல, ஆவணி அவிட்டப் பௌர்ணமியோடு முடியும் நான்கு வாரம். தீபாவளியும் அங்கே அமாவாசை மாலையில்தான், நம் சதுர்த்தசி விடிகாலை எண்ணெய்க் குளியலன்றே வரும் ஆண்டும் உண்டு, மறுநாள் வரும் ஆண்டும் உண்டு. தேவ தீபாவளிக்கு அறைகள் மாதக்கணக்கில் முன்பே போய்விடும், வாடகை பல மடங்கு. அன்று மாலைப் படகையும் முன்னதாகவே, மேலே சொன்ன மூன்று கேள்விகளோடு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தி சுத்தமா தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். 'கித்னா' என்றால் எவ்வளவு, 'நஹி சாஹியே' என்றால் வேண்டாம், 'பையா' என்றால் அண்ணா. தங்குமிடத்தின் பெயரையும் அருகிலுள்ள கட்டத்தின் பெயரையும் இந்தியில் எழுதிய அட்டையை விடுதியிலேயே கேட்டு வாங்கி, குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும் ஒன்று கொடுத்துவிடுங்கள். சந்துகளில் வழி தவறினால் மேப்பை நம்ப வேண்டாம், கீழே இறங்கும் பக்கமாகவே நடங்கள். கங்கைக்கு வந்துவிடுவீர்கள். அங்கிருந்து வலக்கை தெற்கு, இடக்கை வடக்கு.